வேப்பம்பட்டுக்கு நீங்கள் போன சனிக்கிழமைகள்

என் பிரியத்துக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பள்ளியில் உங்கள் பெயரில் புதுக் கட்டடம் திறந்துவிட்டார்கள். அதற்காகப் போட்ட நினைவு மலரில் மருமகள் என்ற முறையில் என்னையும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். போடவில்லை. "ரொம்ப நீளமா இருக்கு மேடம்" என்றார்கள். நீளம் காரணமில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அதையே இன்னும் நீளமாக்கி உங்களுக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

இதில் வரும் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருவர் உங்கள் மகன் டேனி. "உன் இஷ்டம்" என்றார். இன்னொருவர், "எழுதுங்க, ஆனா என் பேரை மாத்தாம எழுதுங்க" என்றார். அவர் யார் என்று நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ரூபி ஞானமணி என்ற பெயர் ஆவடியில் தெரியாத வீடு குறைவு. இருபத்தாறு வருடம் ஒரே பள்ளிக்கு பிரின்சிபால். ஓய்வு பெற்ற பிறகு காலனி சங்கத்துக்குத் தலைவி. சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்று நாலு நாளாக யாரும் எட்டிப் பார்க்காதபோது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் போட்டு உட்கார்ந்தீர்கள். குடை பிடித்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினீர்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். விடைத்தாள் இல்லை, சங்கத்தின் மனுக்கள்தான், அதுவும் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் மோட்டார் வந்தது. உங்கள் அடக்கத்துக்கு அந்தத் தெருவே வந்திருந்தது.

நான் மட்டும் உங்களை முதல் நாளிலிருந்தே சந்தேகப்பட்டேன், அத்தை.

பாளையங்கோட்டைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். காபி நன்றாக இருக்கிறது என்றீர்கள். "யாரு போட்டது?" என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன். "சிக்கரி எவ்வளவு கலந்த?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் அம்மா போட்ட காபி அது. நான் விழித்தேன். நீங்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சிரித்தீர்கள். மணமேடை ஏறும் முன்பே மாட்டிக்கொண்டவள் நான். அன்றிலிருந்து, இந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது என்று எச்சரிக்கையாகிவிட்டேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அம்பத்தூரில் நான் பார்ப்பது மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரே வீட்டில் இரண்டு சந்தேகக்காரிகள். பதினோரு வருடம் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே குடித்தனம் நடத்தினோம். அதையும் ஒரு வகைப் பிரியம் என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைத்தீர்கள்?

உங்களிடம் நான் கண்டுபிடித்த முதல் ஓட்டை அந்த இரண்டாவது சனிக்கிழமை.

மாதா மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பிட்ட கையோடு, துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். ஐந்து ஐந்தரைக்குத் திரும்புவீர்கள். எங்கே என்றால், "உடம்பு முடியாத ஒரு சிநேகிதி" என்பீர்கள். சிநேகிதியின் பெயர் கிடையாது. உடம்புக்கு என்ன என்பதும் கிடையாது. மழையோ வெயிலோ ஒரு மாதம் தவறியதில்லை. காரில் கொண்டுவிடுகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "ரயில்தான் எனக்கு வசதி" என்றீர்கள். தெரு முனைக் கடைக்கே என் ஸ்கூட்டரில் ஏறி வருகிறவர் நீங்கள்.

ஒருமுறை உங்கள் கைப்பையிலிருந்து ஒரு டிக்கெட் விழுந்தது. ஆவடியிலிருந்து வேப்பம்பட்டு, போக வர. அதை எடுத்து மேசையில் வைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து டிக்கெட் விழவில்லை.

இதில் இன்னொன்றை நான் கவனித்திருக்க வேண்டும். டேனி ஒருநாளும் உங்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்டதில்லை. நீங்கள் பல் டாக்டரிடம் போனாலே இரண்டு தடவை போன் செய்கிற பிள்ளை. சனிக்கிழமை மதியம் மட்டும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். கேட்காத பிள்ளைமேல் அல்லவா எனக்கு முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும்? நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உங்கள் போனை என் கையில் கொடுத்தீர்கள். டேனி பக்கத்தில்தான் நின்றார். "ஹெப்சி, இதை நீ வெச்சுக்கோ. ஆஃப் பண்ணிடாத. சார்ஜ் போட்டுக்கிட்டே இரு" என்றீர்கள். சொந்த மகனை விட்டுவிட்டு என்னிடம் ஏன் கொடுத்தீர்கள்? நான் நோண்டிப் பார்க்கிறவள் என்று தெரிந்துதானே? இந்தக் கேள்வியை எட்டு மாதமாகச் சுமக்கிறேன்.

அடக்கத்தன்று வீட்டுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஊதா நிறச் சுடிதார், தோளில் ஒரு பை. எல்லாரும் உள்ளே வந்து முகம் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவள் மட்டும் சாலையைக் கடக்கவே இல்லை. பெட்டியை வெளியே எடுத்தபோது அழவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள். பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கியிருந்த டேனி அவளைப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்தவர் உடனே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், உங்கள் போன் அடித்தது. திரையில் "டெய்லர்" என்று வந்தது. உங்கள் ரவிக்கைகளை நீங்களே தைத்துக்கொள்வீர்கள். எடுத்து ஹலோ என்றேன்.

"தெரியும். இன்னிக்கு வர மாட்டாங்கன்னு தெரியும். பழக்கத்துல கை போயிடுச்சி" என்றது ஒரு பெண் குரல். வைத்துவிட்டது.

சாயங்காலம் டேனியிடம், "அத்தை போனுக்கு ஒரு கால் வந்தது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "விடு ஹெப்சி. பழைய ஸ்டூடன்ட் யாராவது இருக்கும். அவளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவளுக்கு. கூப்பிட்டது ஒரு பெண் என்று நான் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு என் புத்தி போன இடங்களை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் உங்கள் மகளாக இருக்குமோ என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பெற்று எங்கேயோ விட்டுவிட்ட மகள். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த மூக்கை உங்கள் பழைய போட்டோக்களின் மூக்கோடு ஒப்பிட்டேன். பிறகு, அவள் டேனிக்கு வேண்டியவளோ என்று நினைத்தேன். அன்று சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மன்னியுங்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் உண்மை தெரிந்த பிறகு, யார் யாரை மன்னிப்பது என்பதே குழம்பிவிட்டது.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை, நீங்கள் கிளம்பும் அதே ஒன்றரை மணிக்கு நான் கிளம்பினேன். டேனி படுத்திருந்தார். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. "எங்க?" என்றார். "ரயிலுக்கு" என்றேன். எழுந்து உட்கார்ந்தார்.

பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். வேப்பம்பட்டில் இறங்கி, ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற ஒரு பெரியவரிடம் போனில் இருந்த உங்கள் படத்தைக் காட்டினேன். இவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"டீச்சரம்மாவா? இன்னாமா இப்டி கேட்டுட்ட? மாசம் ஒரு தபா வந்துகினு இருந்தாங்களே. நம்ம வண்டிலதான் ஏறுவாங்கோ. ரெண்டு மூணு மாசமா காணோமே, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

இறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "குந்துமா" என்றார். "தமிழு ஊட்டாண்டதான் எறங்குவாங்கோ. இ-சேவை வெச்சிகினு கீதே, அந்தப் பொண்ணு."

ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதி. வெளியே இ-சேவை மையம் என்று பலகை. உள்ளே ஏழெட்டுப் பேர் காகிதங்களோடு நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் அந்த ஊதாச் சுடிதார்ப் பெண். இந்த முறை பச்சைச் சுடிதார். ஒரு அம்மாளின் குடும்ப அட்டையில் மகன் பெயர் தப்பாக இருப்பதை எழுத்து எழுத்தாகத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "உக்காருங்க. கூட்டம் போகட்டும்" என்றாள்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆள் போனதும், "நீங்கதானே டேனியோட ஒய்ஃப்?" என்று கேட்டாள்.

டேனி என்பது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். ஆபீசிலும் சர்ச்சிலும் அவர் டேனியல்.

"நீங்க யாரு?" என்றேன்.

"தமிழரசி. டேனி கிளாஸ். பிளஸ் டூ, ஒரே செக்‌ஷன். ஜனவரி வரைக்கும்."

அத்தை, அவள் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எங்கேயாவது தப்பு இருந்தால் உங்களால் திருத்த முடியாது என்பதுதான் என் வருத்தம்.

தமிழரசியின் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் நன்றாகப் படிப்பாள். பி.ஃபார்ம் படிக்க ஆசை. பன்னிரண்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்ததும் மாதிரித் தேர்வு. இயற்பியலை நினைத்து பயந்துகொண்டிருந்தாள். டேனி ஒரு தாளைக் கொடுத்தார். அச்சுப்பிழை பார்ப்பதற்காக நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வினாத்தாள். அதைத் தன் கையால் பார்த்து எழுதிய நகல்.

"எனக்கும் தப்பு இருக்கு. வாங்கிப் படிச்சேன்ல" என்றாள் தமிழரசி. "பரீட்சை அன்னிக்கு அந்தத் தாள் என் ஜாமெட்ரி பாக்ஸ்ல மாட்டிச்சி. மிஸ் அத மேடம்கிட்ட கொண்டுபோனாங்க. என்னைத் தனியா ரூமுக்குக் கூப்புட்டாங்க மேடம். தாளைப் பிரிச்சாங்க. ஒரு நிமிஷம் பாத்தாங்க. பெத்த புள்ள கையெழுத்து தெரியாம இருக்குமா?"

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். மேடம், இது டேனியல் குடுத்ததுன்னேன். எழுந்து போய் கதவைச் சாத்துனாங்க. 'அந்தப் பேரை இன்னொரு தடவ சொல்லாத' அப்டின்னாங்க. தாளை நாலா மடிச்சி கைப்பையில வெச்சிக்கிட்டாங்க. மறுநாள் பிரேயர்ல, ஆபீஸ் அலமாரியத் தொறந்து ஒரு பொண்ணு கொஸ்டின் பேப்பர் திருடிடுச்சின்னு சொன்னாங்க. பேரு சொல்லல. எல்லாரும் என்னியத்தான் திரும்பிப் பாத்தாங்க. சாயந்திரம் டி.சி. கைக்கு வந்துடுச்சி. படிச்சது நிஜம். திருடுனது நிஜமில்ல."

ஜனவரி மாதம் டி.சி. வாங்கிய பிள்ளையை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? நடத்தை என்ற இடத்தில் "திருப்தியில்லை" என்று எழுதியிருந்தது, உங்கள் கையெழுத்தில். அவள் தனித்தேர்வராகத்தான் எழுத முடிந்தது. தனித்தேர்வருக்கு செய்முறைத் தேர்வு இல்லாததால் அறிவியல் பாடங்கள் எடுக்க முடியவில்லை. வணிகவியலுக்கு மாறினாள். மருந்தாளர் ஆசை அந்த ஜனவரியோடு முடிந்தது. அவள் அப்பா வீட்டை வேப்பம்பட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் நீங்கள் நின்றீர்களாம். கையில் வணிகவியல் புத்தகங்கள். அவள் அப்பா உள்ளே விட மறுத்திருக்கிறார். அவள்தான், "வரட்டும்பா" என்று சொன்னாளாம்.

நீங்கள் படிக்காத பாடத்தை நீங்களே படித்துக்கொண்டு வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அவள் பாஸ் செய்தாள். கல்லூரி முடித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், இந்த மையத்தை எடுத்தாள். பாடம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் நீங்கள் போவதை நிறுத்தவில்லை.

"பாடம் முடிஞ்ச பிறகு வந்து என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. வருவாங்க. உக்காருவாங்க. டீ குடிப்பாங்க. ஜனங்க வர்றதப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு தடவ நான் கேட்டேன். மேடம், நான் திருடலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன், எங்கப்பா உயிரோட இருக்கும்போதே காட்டணும்னு. டீ டம்ளரைக் கீழ வெச்சாங்க. அடுத்த மாசம் வரேன்னு எழுந்துட்டாங்க. அடுத்த மாசமும் வந்தாங்க. பேப்பர் மட்டும் வரல. எங்கப்பா போன வருஷம் போயிட்டாரு."

"அப்புறம் ஏன் உள்ள விட்டீங்க?"

அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வரலன்னா மறந்துடுவாங்கல்ல? வந்தா, மாசம் ஒருவாட்டி என் மூஞ்சியப் பாத்தே ஆகணும். கொஞ்சம் லேட்டானாகூட நான் போன் போடுவேன். எங்க மேடம் இருக்கீங்கன்னு கேப்பேன். அவ்ளோ பெரிய பிரின்சிபால், ட்ரெயின் லேட்டும்மா, வந்துடறேன்னு ஸ்டூடன்ட் மாதிரி பதில் சொல்வாங்க."

அடக்கத்தன்று ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "உள்ள வந்தா அழுதுடுவனோன்னு பயமா இருந்திச்சி. அவங்களுக்கு நான் ஏன் அழணும்?" என்றாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நீங்கள் அங்கே போனது எதற்கு, அத்தை? செய்ததற்கு வருந்தியா? அல்லது அவள் எங்கேயும் வாயைத் திறக்காமல் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளவா? வருந்துகிறவர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாமே. காவலுக்குப் போகிறவர் தெரியாத பாடத்தைப் படித்துச் சொல்லிக்கொடுப்பாரா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. மாமா இறந்து இரண்டாவது வருடத்தில் வந்த ஜனவரி அது. ஒரே பிள்ளை. பிரின்சிபால் மகனே வினாத்தாளை எடுத்தான் என்றால் உங்கள் வேலையும் போயிருக்கும், அவர் படிப்பும் போயிருக்கும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் அந்த டி.சி.யில் எழுதியது மாறிவிடுமா?

மறுநாள் ஆராதனை முடிந்து காரில் ஏறியதும், வண்டியை எடுக்க விடாமல் டேனியிடம் கேட்டேன். "தமிழரசியப் பார்த்துட்டு வந்தேன்."

ஸ்டியரிங்கில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. "அன்னிக்கு அம்மா வீட்டுக்கு வந்தாங்க. சோறு போட்டாங்க. ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல. சாப்பிட்டு முடிச்சதும், பப்ளிக் எக்ஸாம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதன்னாங்க. அவ்வளவுதான்."

"எக்ஸாம் முடிஞ்ச பிறகு?"

"பழகிடுச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை. யாரோடு பதினோரு வருடம் இருந்தேன் என்று யோசித்தேன். உங்கள் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் மனிதரும், "பழகிடுச்சு" என்று சொன்ன மனிதரும் ஒரே ஆள்தானா? எனக்கு வேறு எதையெல்லாம் பழக்கியிருக்கிறார்? பீரோவைத் திறந்தால்கூட சந்தேகத்தோடுதான் திறந்தேன். பத்தாவது நாள் காலையில் அவரே வந்து, "நான் என்ன செய்யணும் ஹெப்சி?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றேன். எழுதினார். ஒரு பக்கம். அலமாரி திறக்கப்படவே இல்லை, தாளை எடுத்தது நான், எழுதியது நான், கொடுத்தது நான். கீழே கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் இப்போதைய பிரின்சிபாலைப் பார்க்கப் போனோம். நல்ல மனுஷிதான். உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர். படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றினார். "கட்டடத் திறப்பு விழாவ வெச்சுக்கிட்டு இப்ப எதுக்குங்க இது? மேடம் இல்ல. அவங்களால பதில் சொல்ல முடியாது" என்றார்.

"இருந்தப்பவும் சொல்லலையே மேடம்" என்றேன்.

டி.சி.யில் எழுதியதைத் திருத்தித் தராமல் குடும்பத்திலிருந்து யாரும் விழாவுக்கு வர மாட்டோம் என்று சொன்னேன். மிரட்டல்தான். உங்களிடம் கற்றுக்கொண்டது. நாலு வாரம் இழுத்தார்கள். பழைய டி.சி.யைத் திருத்த விதியில்லை, சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதி, புதிதாக ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். சரி என்றோம்.

திறப்பு விழாவில் மகன் என்று டேனியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவரை நான் நம்பவில்லை. அவர் மைக்கைப் பிடித்து, "இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஸ்கூல்ல கொஸ்டின் பேப்பரை எடுத்தது நான். தமிழரசி இல்ல. எங்க அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்" என்றார். யாரோ அவசரமாகக் கைதட்டி அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார்கள்.

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வந்தார். "செத்தவங்களக் கூண்டுல ஏத்துறது நல்லா இல்லம்மா. நீதான் தூண்டிவிட்டியா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அவர் இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். சங்கத்தில் சிலர் இப்போது எங்களைப் பார்த்தால் வாட்ஸ்அப்பைத் திறந்துகொள்கிறார்கள். உங்களுக்கு நான் செய்தது துரோகம் என்று அவர்கள் நினைக்கலாம். நானும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அன்றைக்கே, கை கழுவும் இடத்தில், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள். "தமிழு என் பெஞ்ச்தாங்க. அன்னிக்கு பிரேயர்ல இருந்து அவகூட பேசறத நிறுத்திட்டேன். இத்தன வருஷமா திருடின்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ நம்பர் குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

நேற்று, சனிக்கிழமை, டேனியும் நானும் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேப்பம்பட்டு போனோம். கடையில் கூட்டம் போகும்வரை நின்றோம். அவர் உட்காரவே இல்லை. கடைசியில் அவள் முன்னால் போய், "தமிழு, நான் செஞ்சது தப்பு" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி சான்றிதழை வாங்கினாள். மேசைமேல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அடுத்தவர் காகிதங்களைப் பார்ப்பது போலவே முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். "நன்று" என்று எழுதியிருந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் மேலே போனது.

"எங்கப்பா பேரு தப்பா கீது" என்றாள். "கோவிந்தராஜ் இல்ல. கோவிந்தராஜுலு. திருத்தி எடுத்துக்கிட்டு வாங்க."

"நான் திங்கட்கிழமையே..." என்று டேனி ஆரம்பித்தார்.

"நீ வேணாம்" என்றாள். காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "இவங்க போகட்டும். இவங்க சரிபாத்து வாங்குவாங்க."

அத்தை, நீங்கள் போனது வருத்தத்துக்கா காவலுக்கா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருப்பேன். அதற்காக உங்கள்மேல் உள்ள பிரியம் குறையும் என்று நினைக்காதீர்கள். குறையும் என்றுதான் நானும் பார்த்தேன், குறையவில்லை.

நாளை திங்கட்கிழமை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். பள்ளி அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன். கோவிந்தராஜுலு மகள் தமிழரசி என்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, முத்திரை காய்ந்த பிறகுதான் வாங்குவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கும்,
உங்கள் மருமகள்
ஹெப்சி